பெயரில்லாதவர்களுக்குப் பெயர் வைத்த செவிலியர்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செவிலியரைப் பற்றி ஐந்து நிமிடம் பேசு என்று எந்தக் குழந்தையிடம் சொன்னாலும் அது கையில் விளக்கேந்திய அம்மையாரிடம்தான் போய் நிற்கும். பேச்சுப்போட்டி, கட்டுரைப்போட்டி, காலை வழிபாட்டுக் கூட்டம் எதுவாக இருந்தாலும் பிளாரன்ஸ் நைட்டிங்கேல்தான். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் ஒரே விளக்கை எத்தனை ஆண்டுகளுக்குத்தான் தூக்கிக்கொண்டிருப்பது? இன்று உங்களிடம் வேறொரு செவிலியரைப் பற்றிப் பேசப்போகிறேன். அவர் பிறந்தது ஜெர்மனியில், வளர்ந்தது அமெரிக்காவில், வாழ்ந்து மறைந்தது கொரியாவில். பெயர் எலிசபெத் ஜோஹன்னா ஷெப்பிங். கொரியர்களுக்கு அவர் சோ சோப்யோங். தென்கொரியாவில் குவாங்ஜு நகரத்தாரிடம் கேட்டால் இந்தப் பெயரைச் சொல்வார்கள். நம் பக்கம் யாருக்கும் தெரியாது.

செவிலியரைப் பற்றி ஆசிரியர்களுக்கு என்ன பேச்சு என்று நீங்கள் நினைக்கலாம். இந்த அம்மையார் மருத்துவமனையில் இருந்ததைவிட வகுப்பறையில் இருந்த காலமே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் இங்கே அவரைக் கொண்டுவந்தேன்.

1880ஆம் ஆண்டு ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரில் பிறந்தார். தாய் பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்றுவிட, குழந்தை பாட்டியின் கையில் வளர்ந்தது. பாட்டி இறந்ததும் சிறுமி கடல் கடந்து தாயிடம் போய்ச் சேர்ந்தாள். நியூயார்க்கில் செவிலியர் பயிற்சி முடித்தார். கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர் அங்கே பிரெஸ்பிட்டேரியன் சபையில் சேர்ந்தார். அதோடு தாய் வீட்டுக் கதவு அடைபட்டுவிட்டது. சிறுவயதில் ஒருமுறை தாயைப் பிரிந்தவர், பெரியவளான பிறகு இரண்டாம் முறையும் பிரிந்தார். பின்னாளில் அவர் யாருமற்ற குழந்தைகளைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்ததை இதோடு முடிச்சுப் போட்டு உளவியல் பேசலாம். நான் அதற்குள் போகவில்லை.

1912இல், தம் 32ஆவது வயதில், அமெரிக்கத் தென்மாநிலங்களின் பிரெஸ்பிட்டேரியன் சபை அவரைச் செவிலியராகக் கொரியாவுக்கு அனுப்பியது. அவர் மதப் பணிக்காக வந்தவர். அதை மறைக்க வேண்டியதில்லை. அவருடைய நம்பிக்கை அவருக்கு. அந்த நம்பிக்கையோடு அவர் என்ன செய்தார் என்பதுதான் இன்று நமக்கு வேண்டியது.

அவர் போய்ச் சேர்ந்தபோது கொரியா எப்படி இருந்தது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். இரண்டே ஆண்டுகளுக்கு முன்புதான், 1910இல், ஜப்பான் அந்த நாட்டை முழுதாக விழுங்கியிருந்தது. ஆட்சியாளரின் மொழி ஜப்பானியம். பள்ளிகளில் ‘தேசிய மொழி’ என்றாலே ஜப்பானியம்தான். கொரியருக்கென்று ஹங்குல் என்ற அருமையான எழுத்து இருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் செஜோங் என்ற மன்னர் எளிய மக்களும் படிக்க வேண்டும் என்று உருவாக்கியது. ஆனால் படித்த ஆண்கள் பல நூற்றாண்டுகளாகச் சீன எழுத்தையே பெருமையாக நினைத்தார்கள். ஹங்குல் பெண்பிள்ளைகளின் எழுத்து என்று ஏளனம் பேசியதும் உண்டு. அந்த எழுத்துகூட எட்டாத பெண்கள்தான் கிராமங்களில் பெரும்பாலோர்.

ஷெப்பிங் வேலை பார்த்த குவாங்ஜு, நாட்டின் தென்மேற்கில் ஜொல்லா பகுதியில் இருக்கிறது. அந்த ஊருக்கு முன்பே ஒரு கதை உண்டு. 1909இல் வைலி ஃபோர்சைத் என்ற மருத்துவர், நோயுற்றிருந்த ஓவன் என்ற சக ஊழியரைப் பார்க்க அவசரமாகக் குவாங்ஜுவுக்குக் குதிரையில் வந்துகொண்டிருந்தார். வழியில் தொழுநோய் முற்றிய ஒரு பெண் கிடந்தாள். அவளைத் தன் குதிரையில் ஏற்றிவிட்டு, தான் நடந்தே ஊருக்குள் வந்தார். இந்தக் காட்சிதான் அவ்வூரில் தொழுநோய் மருத்துவமனை ஒன்று உருவாக வித்திட்டது. ஓவன் பிழைக்கவில்லை. அவர் நினைவாக எழுப்பிய மண்டபம் பிறகு நம் கதையில் வரும்.

ஷெப்பிங் கொரிய மொழியை விரைவாகக் கற்றார். கொரியப் பெண்கள் உடுத்தும் உடையையே உடுத்தினார். காலில் கறுப்பு ரப்பர்ச் செருப்பு. சாப்பாடு சோறும், சோயா விழுதில் செய்த குழம்பும். அந்நாட்டுப் பெண்களைப் போலவே குழந்தையைத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டு நடந்தார்.

பெயர் விஷயம் சுவையானது. அவருக்கு முன்கோபம் அதிகம். அது அவருக்கே தெரிந்திருந்தது. அதனால் கொரியப் பெயர் வைத்துக்கொள்ளும்போது, தன் குடும்பப் பெயரான ஷெப்பிங்கின் ஒலியைத் தழுவியே மூன்று எழுத்துகளைத் தேர்ந்தெடுத்தார். முதலெழுத்துக்கு ‘மெதுவாக’ என்று பொருள். இரண்டாவதற்கு ‘நிதானமாக’. மூன்றாவதற்கு ‘அமைதியாக’. யாராவது கூப்பிடும் ஒவ்வொரு முறையும் ‘மெல்ல, பதறாமல், அமைதியாக’ என்று காதில் விழும்படி செய்துகொண்டார்! ஒன்பதாம் வகுப்புக்குக் கடைசிப் பாடவேளை எடுக்கும் நம்மில் பலருக்கும் இப்படி ஒரு பெயர் தேவைப்படும் என்று நினைக்கிறேன்.

தன் பெயரை இவ்வளவு யோசித்து வைத்துக்கொண்டவரை, பெயரே இல்லாத மனிதர்கள் எப்படித் தாக்கியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவர் மட்டக்குதிரையில் ஏறிக் கிராமம் கிராமமாகப் போவார். சில வேளைகளில் ஒரு சுற்று முடிய ஒரு மாதம் ஆகும். 1921இல் அப்படிப் போய்வந்த பிறகு தம்மை அனுப்பிய சபைக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தப் பயணத்தில் ஐந்நூறு பெண்களைப் பார்த்திருக்கிறார். அவர்களில் பெயர் என்று ஒன்று இருந்தவர்கள் பத்துப் பேர். மற்றவர்கள் ‘பெரியவள்’, ‘சின்னவள்’, ‘இன்னானுக்கு அம்மா’. சிலரை விலங்கின் பெயரோடும் கழிவின் பெயரோடும் சேர்த்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆண்பிள்ளை பெறவில்லை என்று துரத்தப்பட்டவர்கள் இருந்தார்கள். வறுமையால் விற்கப்பட்டவர்கள் இருந்தார்கள். இவர்களுக்குப் பெயர் வைப்பதும் எழுத்துச் சொல்லிக்கொடுப்பதும் தமக்குப் பெரிய மகிழ்ச்சி என்று அந்தக் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

இதைக் கேட்டு, ‘அட பாவமே, அந்த நாட்டில் அப்படியா’ என்று நாம் சொல்லிவிட முடியாது. நம் பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டியவர்களுக்குத் தெரியும். ‘போதும்பொண்ணு’ என்றும் ‘வேண்டாம்’ என்றும் எழுதியிருக்கும். மூன்றாவது நான்காவது பெண்ணாகப் பிறந்த குற்றத்துக்கு வாழ்நாள் முழுக்கச் சுமந்த பெயர்கள். வருகைப் பதிவேட்டில் அதைத் தினமும் உரக்கப் படித்தவர்கள் நம்மைப் போன்ற ஆசிரியர்கள்தாம்.

பெயருக்கு அடுத்து எழுத்து. 1922இல் தம் இருப்பிடத்திலேயே ஒரு சில பெண்களை உட்காரவைத்துப் பாடம் தொடங்கினார். யாரெல்லாம் மாணவிகள்? கணவன் தள்ளிவைத்தவள், விதவை, பள்ளி வயதைக் கடந்தவள், கடனுக்கு விற்கப்பட்டு மீட்கப்பட்டவள். வழக்கமான பள்ளிகள் சேர்த்துக்கொள்ளாதவர்கள். வயது வரம்பு இல்லை. பைபிளோடு கொரிய எழுத்தும் கணக்கும் கற்றார்கள். 1926இல் லோயிஸ் நீல் என்ற அமெரிக்கப் பெண்மணியின் நன்கொடையால் கட்டடம் கிடைத்தது. நீல் என்ற பெயரே கொரிய நாவில் ‘இயில்’ பள்ளி ஆயிற்று.

பணம் கட்ட முடியாதவர்கள் எப்படிப் படித்தார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஷெப்பிங் பள்ளி வளாகத்தில் முசுக்கட்டைச் செடிகளை நட்டார். மாணவிகளுக்குப் பட்டுப்புழு வளர்ப்பு சொல்லிக்கொடுத்தார். புழுவுக்குத் தழை பறித்துப் போடுவது, கூடு எடுப்பது, நூல் எடுப்பது எல்லாம் பாடம். பூவேலை செய்த கைக்குட்டைகளும் துணிகளும் அமெரிக்காவுக்கு விற்பனைக்குப் போயின. அந்த வருமானத்தில் படிப்பு நடந்தது. இலவசம் என்று கொடுத்துவிட்டிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. துரத்தப்பட்ட பெண் ஒருத்தி தன் கைவேலையில் தன் கட்டணத்தைத் தானே கட்டுகிறாள் என்றால், அவள் வகுப்பில் உட்காரும் விதமே வேறாக இருக்குமல்லவா?

இதற்கிடையே செவிலியர் பணி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். குவாங்ஜுவிலும், பிறகு குன்சானிலும் மருத்துவமனைகளில் பணியாற்றினார். 1917இல் சியோல் நகரின் செவரன்ஸ் மருத்துவமனைக்குப் போய், அங்கே கொரியப் பெண்களுக்குச் செவிலியர் பயிற்சி கொடுத்தார். 1919 மார்ச் முதல் தேதி கொரியா முழுவதும் விடுதலைக் குரல் எழுந்தது. ஊர்வலம் போன மக்கள்மீது ஜப்பானியக் காவலர்களும் படையினரும் பாய்ந்தார்கள். காயம்பட்டவர்களுக்கு ஷெப்பிங் மருந்திட்டார், சிறையில் இருந்தவர்களைப் போய்ப் பார்த்தார். ஆட்சியாளர்களுக்கு அது பொறுக்கவில்லை. அவர் சியோலை விட்டுக் குவாங்ஜு திரும்ப நேர்ந்தது. நம் ஜாலியன்வாலா பாக் நிகழ்ந்ததும் அதே ஆண்டு ஏப்ரலில்தான் என்பதை வரலாறு நடத்துவோர் சேர்த்துச் சொல்லலாம்.

செவரன்ஸில் கற்பித்தபோது அவருக்கு ஒன்று தெளிவாகியிருக்க வேண்டும். படிக்கவரும் பெண்ணுக்குத் தெரிந்த மொழி கொரியம். கையில் கிடைக்கும் நூலோ ஆங்கிலத்திலோ ஜப்பானியத்திலோ இருக்கிறது. நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பதையும் புண்ணைத் துடைப்பதையும் கொதிக்கவைத்த நீரின் அவசியத்தையும் அந்நிய மொழியில் மனப்பாடம் செய்துவிட்டு, நள்ளிரவில் நோயாளி அருகே நிற்கும்போது அது கைகொடுக்குமா? ஷெப்பிங் கொரிய மொழியில் நூல்கள் ஆக்கினார். செவிலியர் பாடநூல், நடைமுறைச் செவிலியம், எளிய சுகாதார முறைகள் என்று வரிசையாகச் செய்தார். எழுதியதும் உண்டு, மொழிபெயர்த்ததும் உண்டு. கலைச்சொல் இல்லாத துறையில் முதல் பாடநூல் எழுதுவது எவ்வளவு பெரிய வேலை என்பது, நம் மாநிலத்தில் பாடநூல் குழுவில் ஒருமுறையாவது உட்கார்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1923இல் கொரியச் செவிலியர் சங்கத்தை நிறுவினார். ஏறத்தாழப் பத்தாண்டுகள் தலைவராக இருந்து நடத்தினார். சங்கத்தை உலகச் செவிலியர் பேரவையில் சேர்க்க வேண்டும் என்பது அவருடைய பெரும் ஆசை. 1929இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் பேரவையின் மாநாடு நடந்தது. ஷெப்பிங் கொரியச் செவிலியர்களோடு அங்கே போனார். கொரியச் சங்கத்துக்குத் தனி இடம் கேட்டார்கள். கிடைக்கவில்லை. ஒரு நாட்டுக்கு ஒரு சங்கம்தான் என்பது பேரவையின் விதி. கொரியா அப்போது உலக வரைபடத்தில் தனி நாடு அல்ல, ஜப்பானின் ஒரு பகுதி. ஜப்பானியரோடு சேர்ந்து வாருங்கள் என்பதுதான் பதில். ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தபோதும் இந்தியச் செவிலியர் சங்கம் 1912இலேயே அந்தப் பேரவையில் சேர்ந்துவிட்டது. அடிமைத்தனத்திலும் இத்தனை வகை!

ஓர் அமெரிக்கப் பெண், கொரியர்கள் சார்பில் ‘இவர்கள் தனி மக்கள்’ என்று உலக அரங்கில் வாதாடியிருக்கிறார். கிராமத்தில் பெயரில்லாத பெண்ணுக்குப் பெயர் வைத்ததும், மாநாட்டில் பெயரில்லாத நாட்டுக்கு இடம் கேட்டதும் ஒரே மனத்தின் இரு வேலைகளாகவே எனக்குத் தெரிகின்றன.

வீட்டில் என்ன நடந்தது? பதின்மூன்று பெண்பிள்ளைகளைத் தத்தெடுத்தார். பதினான்காவது ஒரு பையன். தொழுநோயாளி ஒருவரின் பிள்ளை; யோசேப்பு என்று பெயர் வைத்தார். தொழுநோயாளியின் குழந்தையை யாரும் தொடாத காலம் அது. இவர்கள் தவிர முப்பத்தெட்டு விதவைகளையும் ஆதரித்தார். சம்பளம் எங்கே போயிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நெடுநாளாகவே குடல் நோய் ஒன்று அவரை அரித்துக்கொண்டிருந்தது. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாத நோய். அதோடு சத்தான உணவும் இல்லை. 1934 ஜூன் 26 அன்று குவாங்ஜுவில் காலமானார். வயது 53. கொரிய வாழ்க்கை 22 ஆண்டுகள். தம் உடலை மருத்துவ ஆய்வுக்குக் கொடுத்துவிடும்படி சொல்லியிருந்தார். அவர் விட்டுச்சென்ற உடைமை என்று பார்த்தபோது ஒரு பாதிப் போர்வை, ஏழு காசு, கொஞ்சம் மக்காச்சோள மாவு, அவ்வளவுதான் இருந்தன. போர்வையின் மறு பாதியை யாருக்கோ கிழித்துக் கொடுத்திருந்தார். படுக்கையின் அருகே, வேண்டியது வெற்றி அன்று, தொண்டு என்ற பொருளில் ஒரு வாசகம் இருந்தது.

இங்கே சற்று நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் போர்வையும் மாவும்தான் அவரைப் பற்றி எங்கும் முதலில் சொல்லப்படுபவை. கேட்பவர் கண் கலங்கும். வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் அவரைப் பாதிதான் சொன்னதாகும் என்பது என் கருத்து. தன்னை வருத்திக்கொண்டு செத்துப்போவதுதான் தொண்டு என்று பிள்ளைகள் புரிந்துகொண்டால், ‘நல்லது, ஆனால் நம்மால் ஆகாது’ என்று கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பெரும்பாலும் பெண்களே பார்க்கும் செவிலியர் வேலைக்கு நியாயமான ஊதியமும் ஓய்வும் கேட்கும்போது, இப்படிப்பட்ட கதைகளைக் காட்டி வாயடைக்கும் பழக்கம் உலகெங்கும் உண்டு. ஆசிரியர்களுக்கும் இது புதிதல்ல. ஷெப்பிங் அமைத்தது சங்கம் என்பதை நாம் மறக்கக் கூடாது. செவிலியர்கள் ஒன்றுகூடிப் பேச, தங்கள் தொழிலின் தரத்தைத் தாங்களே வகுக்க ஓர் அமைப்பு வேண்டும் என்று நினைத்தவர் அவர். அரைப் போர்வையைச் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே பாடநூலையும் பட்டுப்புழுவையும் சங்கத்தையும் சொல்லுங்கள்.

அவருடைய இறுதிச் சடங்கை நகரமே சேர்ந்து நடத்தியது. குவாங்ஜுவில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை என்கிறார்கள். நான் முன்பு சொன்ன ஓவன் நினைவு மண்டபத்தில் மக்கள் கூடினார்கள். இயில் பள்ளி மாணவிகள் முன்னே நடந்தார்கள். பின்னால் விதவைகள், பிச்சைக்காரர்கள், தொழுநோயாளிகள். ‘அம்மா’ என்று அழுதுகொண்டே போனார்கள். பெற்ற தாயால் விலக்கப்பட்ட பெண்ணுக்கு! கொரிய நாளேடுகள் அவரை ஏழைகளின் தாய் என்று எழுதின. யாங்னிம் என்ற குன்றின்மேல் அவருடைய கல்லறை இன்றும் இருக்கிறது.

இயில் பள்ளி அதன்பின் பல இன்னல்களைச் சந்தித்தது. ஜப்பானிய ஆட்சியின் கடைசிக் கட்டத்தில் மூடப்பட்டு, விடுதலைக்குப் பின் மீண்டும் திறக்கப்பட்டது. பிறகு ஜொன்ஜு நகரிலிருந்த இன்னொரு பெண்கள் பள்ளியோடு இணைந்து வளர்ந்து, இன்று ஹனில் பல்கலைக்கழகமாக இருக்கிறது. அந்தப் பெயரின் பின்பாதியில் பழைய இயில் ஒளிந்திருக்கிறது.

செவிலியர் சங்கத்தின் கதை இன்னும் நீளமானது. 1945இல் கொரியா விடுதலை பெற்றது. 1949இல் கொரியச் செவிலியர் சங்கம் உலகப் பேரவையில் தன் பெயரிலேயே உறுப்பினர் ஆனது. ஷெப்பிங் மறைந்து அப்போது பதினைந்து ஆண்டுகள். 1989இல் உலகச் செவிலியர் பேரவை தன் மாநாட்டைச் சியோல் நகரில் நடத்தியது. மான்ட்ரியலில் இடமில்லை என்று சொல்லி அறுபது ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஆண்டு பேரவையின் தலைவராகப் பொறுப்பேற்றவர் கிம் மோ-இம். கொரியச் செவிலியர்.